திருகோணமலையிலிருந்து தனியாகக் கொழும்பு சென்று முதல் பாலேயைப் பார்க்க விரும்பும் ஒருவருக்கு

உப்புவெளியிலிருந்து எழுதியிருக்கும் தங்கை கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் சிறு வயதில் சில ஆண்டுகள் பரதநாட்டியம் பயின்றவர். பாலே நடனத்தைக் கைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறார். கொழும்பில் வெளிநாட்டுக் குழுவொன்று ஒரு சனிக்கிழமை 'ஸ்வான் லேக்' (அன்னத் தடாகம்) ஆட இருப்பதாக அறிந்து, அதை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார். கூட வர ஒருவருமில்லை, வீட்டில் தயங்குகிறார்கள். தனியாகப் போய் உடனே திரும்பிவிட முடியுமா, போவதற்கு முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே கேள்வி.

முடியும். நானும் அப்படித்தான் திருகோணமலையிலிருந்து தனியாகப் போய் முதல் பாலேயைப் பார்த்தேன். ஆனால் அன்று நான் செய்த ஒரு பிழையை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். நான் போகும் வழியை மட்டும் திட்டமிட்டேன். திரும்பும் வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மாலைக் காட்சிக்குச் சீட்டு வாங்கியிருந்தேன். மூன்றாம் அங்கம் முடிந்த இடைவேளையில் மணிக்கூட்டைப் பார்த்தபோது, இன்னும் அரை மணி நேரம் இருந்தால் திருகோணமலை வண்டி போய்விடும் என்று புரிந்தது. எழுந்து வந்துவிட்டேன். அந்த நான்காம் அங்கத்தை மேடையில் பார்க்க எனக்கு அதன் பிறகு பல ஆண்டுகள் பிடித்தன.

ஆகையால் நுழைவுச்சீட்டு வாங்குவதற்கு முன்பே திரும்பும் பயணத்தை முடிவு செய்யுங்கள். 'ஸ்வான் லேக்' நான்கு அங்கங்கள் கொண்டது; முழுமையாக ஆடினால் இடைவேளைகளோடு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். சுற்றுப்பயணக் குழுக்கள் சில இடங்களைக் குறைத்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் முடிப்பதுண்டு. மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் காட்சி பத்து மணி வரை போகலாம் என்றே கணக்கிடுங்கள். கொழும்பு கோட்டையிலிருந்து நம் ஊருக்குப் புறப்படும் இரவு ரயிலை அதற்குப் பிறகு பிடிப்பது நடவாத காரியம். பிற்பகல் மூன்று மணி, மூன்றரை மணிக் காட்சி இருந்தால் அதையே எடுங்கள். ஆறரை மணிக்கு மண்டபத்தை விட்டு வெளியே வந்து, எதையாவது சாப்பிட்டு, பதற்றமில்லாமல் கோட்டை நிலையத்துக்குப் போகலாம். மாலைக் காட்சி மட்டும்தான் இருக்கிறது என்றால் அன்றிரவு கொழும்பிலேயே தங்கிவிட்டு ஞாயிறு காலை பேருந்தில் திரும்புங்கள். நள்ளிரவில் புறக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் தனியாக நிற்பதை நான் எந்தப் பெண்ணுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

போவதற்கு இரண்டு வழிகள் உண்டு. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் வழியாகச் சாலையில் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். விடியுமுன் புறப்படும் பேருந்து நண்பகலுக்குள் கொழும்பு சேர்ந்துவிடும். ஆனால் பேருந்து பழுதானால், அல்லது குருணாகலுக்கு அப்பால் நெரிசலில் மாட்டினால், உங்கள் பிற்பகல் காட்சி போய்விடும். நான் வெள்ளிக்கிழமை இரவு ரயிலையே சொல்வேன். கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையோடு இணைந்து, மாகோ வழியாக எட்டு மணி நேரமளவில் கோட்டையை அடையும். இரண்டு, மூன்று மணி நேரம் தாமதித்தாலும் காட்சிக்கு எந்தப் பாதிப்பும் இராது என்பதே அதன் பெரிய நன்மை. ஆசனப் பதிவு முப்பது நாட்களுக்கு முன் தொடங்கும். போகவும் வரவும் இரண்டையும் ஒரே நாளில் பதிவு செய்யுங்கள், தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம். வெள்ளமோ பாதைத் திருத்தமோ வந்தால் நம் பாதையில் சேவை நிறுத்தப்படுவது புதிதல்ல. ஆகவே வண்டி ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்பதை நிலையத்திலோ அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்திலோ புறப்படும் வாரத்தில் மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயில் கோட்டையை அடையும்போது பெரும்பாலும் இருட்டாகவே இருக்கும். வெளிச்சம் வரும்வரை நிலையத்துக்குள்ளேயே, ஆட்கள் இருக்கும் இடத்தில் இருங்கள். பிறகு கரையோரப் பாதையில் ஓடும் ரயிலில் ஏறினால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி கடந்து வெள்ளவத்தையில் இறங்கலாம். வெள்ளவத்தையில் ஓர் உறவினரோ பள்ளித் தோழியோ இல்லாத திருகோணமலைக் குடும்பம் அரிது. அங்கே குளித்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கட்டாயம் தூங்குங்கள். இது சோம்பல் அறிவுரை அன்று. குளிரூட்டிய இருட்டு மண்டபத்தில், மெல்லிய வயலின் இசையில், இரவு முழுதும் கண்விழித்த ஒருவர் இரண்டாம் அங்கத்தில் உறங்கிவிடுவார். முழு நாடகத்தின் உயிரும் அந்த இரண்டாம் அங்கத்தில்தான் இருக்கிறது. கூட வருகிறேன் என்று உறவினர் சொன்னால் மண்டப வாசல் வரை வரச் சொல்லுங்கள். உள்ளே தனியாக இருப்பது உங்களுக்கு நல்லது. அருகில் இருப்பவர் 'இப்போது என்ன நடக்கிறது' என்று கேட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் விளக்கம் சொல்பவராகிவிடுவீர்கள், பார்ப்பவராக இருக்க மாட்டீர்கள்.

வீட்டாரின் தயக்கத்தைத் தீர்க்க, பயணத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள்: எந்த வண்டி, எந்த ஆசனம், யார் வீட்டில் குளிப்பு, எந்த மண்டபம், காட்சி முடியும் நேரம், திரும்பும் வண்டி. மண்டபத்துக்குள் கைபேசியை அணைத்து வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். மூன்று மணி நேரம் பதில் வராவிட்டால் வீட்டில் கலவரமாகிவிடும்.

நேரம் மிச்சமிருந்தால், காட்சிக்கு முன் ஒரு மணி நேரத்தைத் தேசிய நூதனசாலைக்குக் கொடுங்கள். இது ஊர் சுற்றும் ஆலோசனை அன்று. பாலே பார்ப்பதற்கான ஆயத்தம் என்றே கருதுகிறேன். பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த நடராசர் வெண்கலங்கள் அங்கே இருக்கின்றன. ஊன்றிய வலக்காலின் முழங்கால் எவ்வளவு வெளிப்புறமாகத் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். இடுப்பு மூட்டிலிருந்து காலை வெளிப்புறம் திருப்பி நிற்பதுதான் பாலேயின் முதற்பாடமும். பரதத்தில் முழங்கால் மடித்து நிற்கும் நம் அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிவதும் அதே மூட்டின் வேலைதான். நூதனசாலைக்கு அருகிலேயே ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நெலும் பொக்குண அரங்கம் இருக்கிறது. சிவனின் ஆடலை உலகுக்கு விளக்கி எழுதிய தமிழ் வழித் தோன்றலின் பெயர் கொண்ட வீதியில் ஒரு நடன அரங்கம் அமைந்திருப்பது எனக்கு எப்போதும் மனநிறைவு தரும். அவர் பிறந்த 1877 ஆம் ஆண்டிலேயே அந்த நூதனசாலையும் திறக்கப்பட்டது, மொஸ்கோவில் 'ஸ்வான் லேக்' முதன்முறை மேடையேறியதும் அதே ஆண்டில்தான்.

நெலும் பொக்குண என்றால் தாமரைத் தடாகம். பொலன்னறுவையில் 12 ஆம் நூற்றாண்டின் கல் தாமரைக் குளத்தின் வடிவத்தை மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்டு, 2011 இல் திறக்கப்பட்டது. 1,200 க்கு மேற்பட்ட ஆசனங்கள் உண்டு. லயனல் வென்ட் அரங்கம் அதைவிட மிகப் பழையது, 1953 ஆம் ஆண்டினது, ஏறத்தாழ பாதி அளவு கொண்டது. நாடகத்துக்கும் தனி நடனத்துக்கும் அதை நான் மிகவும் விரும்புவேன். ஆனால் இருபது பேருக்கு மேல் வரிசையாக ஆடும் பாலேக்குப் பெரிய மேடைதான் நியாயம் செய்யும்.

ஆசனத் தேர்வில் நம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பரதநாட்டியத்துக்கு முன்வரிசையைத் தேடுகிறோம், ஏனெனில் அபிநயம் கண்ணிலும் புருவத்திலும் இருக்கிறது. பாலேக்கு முன்வரிசை ஏற்றதன்று. மேடை விளிம்பு கால்விரல்களை மறைத்துவிடும். வரிசைகள் வகுக்கும் கோலமும் தெரியாது. ஆம், கோலம் என்ற சொல்லை அறிந்தே எழுதுகிறேன். வெள்ளை உடையணிந்த அன்னங்கள் மேடைத்தரையில் இழுக்கும் நேர்கோடுகளும் வளைவுகளும் மேலிருந்து பார்க்கும்போதுதான் முழு உருவம் பெறும். மாடம் இருந்தால் அதன் நடுப்பகுதியில் முன்வரிசை. இல்லையேல் கீழ்த்தளத்தில் நடுவிலிருந்து சற்றுப் பின்னால். சீட்டு விலையும் அங்கே பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

கதையைக் கட்டாயம் படித்துவிட்டுப் போங்கள். பாலேயில் பாட்டு இல்லை, நட்டுவனார் இல்லை, ஒரு சொல்கூட இல்லை. முடிவு தெரிந்துவிடுமே என்று அஞ்ச வேண்டாம். இராமாயணம் தெரிந்துதானே கூத்துப் பார்க்கிறோம். இளவரசன் சீக்ஃப்ரீட் தடாகக் கரையில் ஒடெட் என்ற பெண்ணைச் சந்திக்கிறான். ரொத்பார்ட் என்ற மந்திரவாதியின் சாபத்தால் அவள் பகலில் அன்னமாகவும் இரவில் பெண்ணாகவும் இருக்கிறாள். வேறொருவரையும் நேசித்திராத ஒருவன் மாறாத அன்பை உறுதி கூறினால் சாபம் நீங்கும். மூன்றாம் அங்கத்தில் மந்திரவாதி தன் மகள் ஒடீலை ஒடெட்டின் சாயலில் அரண்மனைக்கு அழைத்து வருகிறான். இளவரசன் ஏமாந்து அவளுக்கு உறுதி கொடுத்துவிடுகிறான். நான்காம் அங்கத்தில் என்ன நிகழும் என்பது குழுவுக்குக் குழு மாறும். சிலவற்றில் இருவரும் தடாகத்தில் மூழ்கி மறுமையில் இணைகிறார்கள். சிலவற்றில் மந்திரவாதி வீழ்ந்து காதலர் வாழ்கிறார்கள். நான் பிற்காலத்தில் இரண்டையும் பார்த்தேன். துயர முடிவே இசைக்குப் பொருந்துகிறது என்பது என் துணிபு.

ஒடெட்டையும் ஒடீலையும் வழக்கமாக ஒரே நடனமணியே ஆடுவார். ஒருவரே பல பாத்திரங்களாக மாறுவது நமக்குப் பழக்கமானது. பரதத்தின் ஒரு பதப் பாடலுக்குள் நாயகியும் தோழியும் கண்ணனும் ஆகிவிடுகிறோம். ஆனால் இங்கே மாற்றம் முகத்தைவிட உடலில்தான் அதிகம் நிகழும். ஒடெட்டின் கைகள் தோள்மூட்டிலிருந்து அலையலையாக இறங்கும், கழுத்து தாழ்ந்திருக்கும். ஒடீலின் கோடுகள் கூர்மையானவை. பார்வை நேராக வரும். மூன்றாம் அங்கத்தில் அவர் ஒற்றைக் காலில் முப்பத்திரண்டு முறை சுழல்வது புகழ்பெற்றது. 1895 ஆம் ஆண்டு சென் பீற்றர்ஸ்பேர்க் மேடையேற்றத்தில் பியரினா லெக்னானி என்ற இத்தாலிய நடனமணி ஆடியதிலிருந்து அது இந்த நாடகத்தோடு ஒட்டிக்கொண்டது. எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஊன்றிய கால் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள், கடினம் அங்கேதான். ஒவ்வொரு சுழற்சியிலும் தலை கடைசியாகத் திரும்பி முதலில் முன்னே வரும். கண்கள் ஒரே புள்ளியைப் பற்றிக்கொள்வதால்தான் தலைசுற்றல் வராமல் இருக்கிறது.

1877 இல் மொஸ்கோவில் முதன்முறை ஆடியபோது இந்தப் படைப்பு பெரிய வரவேற்புப் பெறவில்லை. இசையமைத்த சைக்கோவ்ஸ்கி 1893 இல் இறந்துபோனார். இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு அடிப்படையான பெட்டிபா, இவானோவ் ஆகிய நடன அமைப்பாளர்களின் ஆக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. தடாகக் கரையின் இரண்டு அங்கங்களையும் அமைத்தவர் இவானோவ். தன் அன்னங்கள் எப்படி வாழப்போகின்றன என்பதை இசையமைத்தவர் பார்க்கவே இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

இசையைப் போவதற்கு முன் ஒருமுறையேனும் கேளுங்கள். அன்னத்தின் இராகத்தை முதலில் எடுப்பது ஓபோ என்ற கருவி. நம் நாதசுரத்தைப் போலவே அதுவும் இரட்டைச் சீவாளி கொண்டது; அந்த ஏக்கக் குரல் உங்களுக்கு அந்நியமாகப் படாது. சுற்றுப்பயணக் குழுக்கள் பல ஒலிப்பதிவுக்கே ஆடுகின்றன. இசைக்குழு நேரில் வாசிக்கிறதா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வாசித்தால் அது பெரும் பேறு. இல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

உங்கள் பரதநாட்டியப் பயிற்சி எங்கே உதவும், எங்கே தடுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஆடல் நிலத்தோடு பேசுகிறது. பாதம் தட்டுவதே தாளம். பாலே நிலத்தை விட்டு எழ முயல்கிறது. முதல் பத்து நிமிடங்களுக்கு உங்கள் காது சதங்கையைத் தேடும். காலில் ஒலியே இல்லையே என்று ஏதோ குறைபோலத் தோன்றும். அந்தக் குறையோடு பொறுமையாக இருங்கள். சற்று நேரத்தில், திரையில் ஒருபோதும் கேட்காத ஒரு சத்தம் உங்களுக்குக் கேட்கும்: இருபது பேர் ஒன்றாக ஓடி நிற்கும்போது விரல்நுனியில் நிற்பதற்காக அவர்கள் அணியும் காலணிகளின் முனை பலகையில் மெதுவாகத் தட்டும் சத்தம். என் முதற்காட்சியில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். அதுவரை அவர்கள் எடையற்றவர்கள் என்று நம்பியிருந்தேன். அந்த முனைக்குள் இரும்போ மரமோ இல்லை; துணியையும் தாளையும் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கியது. ஒரு முதன்மை நடனமணி ஒரே காட்சியில் ஒரு சோடியைத் தேய்த்துவிடக்கூடும்.

கைச்சைகைகளும் உண்டு, ஆனால் நம் முத்திரைகளைப் போல விரிந்த மொழியன்று, சிறு அகராதி. மார்பில் கை வைத்தால் அன்பு. தலைக்கு மேல் கைகளை ஒன்றைச் சுற்றி ஒன்று சுழற்றினால் ஆடல். மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் திருமணம். இரு விரல்களை உயர்த்தினால் சத்தியம். மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்து, மூடிய கைகளைக் கீழே தாழ்த்தினால் மரணம். மூன்றாம் அங்கத்தில் இளவரசனின் கை உயரும் கணத்தைத் தவறவிடாதீர்கள். கதை அங்கே முறிகிறது. இரண்டாம் அங்கத்தில் நான்கு சிறு அன்னங்கள் கைகோத்து ஆடும் நடனம் இரண்டு நிமிடம்கூட இராது. கால்களைவிட நான்கு தலைகளும் ஒன்றாகத் திரும்புவதைப் பாருங்கள். நாயகி ஆடும்போதும் அவ்வப்போது கண்ணை எடுத்து, பின்னால் அசையாமல் நிற்கும் வரிசையைப் பாருங்கள். ஒரே நிலையில் நெடுநேரம் நிற்பது எவ்வளவு வலிக்கும் என்பது அரைமண்டியில் நின்ற உங்களுக்குத் தெரியும்.

பாலே நமக்குச் சம்பந்தமில்லாதது என்று வீட்டில் யாராவது சொன்னால் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். 1838 இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்திலிருந்து தேவதாசியர் குழுவொன்று பிரான்ஸின் பரிஸ் நகருக்குச் சென்று ஆடியது. அவர்களில் அம்மணி என்பவரின் ஆடலைக் கண்டு மனம் பறிகொடுத்து எழுதிய கவிஞர் தியோஃபில் கோத்தியே, மூன்றே ஆண்டுகளில் 'ஜிசெல்' பாலேயின் கதையை உருவாக்கியவர்களில் ஒருவர். அடுத்தது, ருக்மிணி தேவி. அவரை நம் மரபின் பக்கம் திருப்பியவர்களில் ரஷ்யப் பாலே மேதை அன்னா பவ்லோவா முதன்மையானவர். பவ்லோவா குழுவின் நடனமணியிடம் ருக்மிணி தேவி பாலே பயின்றும் இருக்கிறார். 1936 இல் அவர் தொடங்கிய கலாக்ஷேத்திராவில் பயின்று வந்தவர்களிடம் பரதம் கற்றவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்!

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. நம் நாட்டில் சுவரொட்டியில் 'பாலே' என்று இருந்தால் அது எப்போதும் ஐரோப்பியப் பாலேயைக் குறிக்காது. நடனக் கலைஞர் சித்ரசேன கண்டிய நடன அடிப்படையில் உருவாக்கிய 'கரதிய' போன்ற நடன நாடகங்களையும் சிங்களத்தில் பாலே, முத்ரா நாட்ய என்று சொல்வார்கள். 1961 ஆம் ஆண்டின் அந்தப் படைப்பு கடலோர மக்களைப் பற்றியது. நம் ஊரார் பார்க்க வேண்டியதே. எனினும் நீங்கள் தேடிப் போவது எது என்பதைச் சீட்டுக்கு முன் உறுதிசெய்யுங்கள்.

மண்டபத்துக்குப் பருத்திச் சேலையோ சல்வாரோ போதும். ஒரு சால்வை கட்டாயம். திருகோணமலை வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு அந்தக் குளிர் கடுமையாகவே இருக்கும். இருபது நிமிடம் முந்திப் போங்கள். தாமதமாகப் போனால் இடைவேளை வரை வெளியே நிறுத்திவைக்கலாம். தனி நடனம் முடிந்து ஆடியவர் முன்னே வந்து வணங்கும்போது கைதட்டலாம். தாளம் போடும் பழக்கம் இருந்தால் விரல்களை மடியில் அடக்கிக்கொள்ளுங்கள். முதல் இடைவேளையில் திரை விழும்போது முடிந்துவிட்டது என்று எண்ணிச் சிலர் எழுந்து போவதைக் கண்டிருக்கிறேன். நிகழ்ச்சித் தாளில் எத்தனை அங்கங்கள், எத்தனை இடைவேளைகள் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் எல்லோரும் திரும்பத் திரும்ப வந்து வணங்குவார்கள். அதுவரையும் இருங்கள். சற்று முன் அன்னமாக இருந்தவர் மூச்சு வாங்க, வியர்வையோடு, மனுஷியாக நிற்பதை அப்போதுதான் பார்க்கலாம்.

திரும்பும் ரயிலில் உறக்கம் வருமோ என்னவோ. வராவிட்டால் பார்த்தவற்றை வரிசையாக ஒரு கொப்பியில் எழுதுங்கள். கந்தளாய் வருவதற்குள் பாதி மறந்துவிடும். தம்பலகாமம் கடந்து சீனக்குடாவை நெருங்கும்போது விடிந்திருந்தால் யன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டுக்குப் போய் உறங்கி எழுந்த பிறகு, உங்கள் குழு நான்காம் அங்கத்தை எந்த முடிவோடு ஆடியது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.